குந்தி எழும்பும் பயிற்சியும் அதன் இரும்புத் தாங்கியும்



எங்கள் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு வாக்குவாதம் இருக்கிறது. மகன் தன் அறைக்குள் ஒரு ஸ்குவாற் றாக் வாங்கி வைக்கப் போகிறேன் என்கிறான். "வீட்டுக்குள்ள என்னத்துக்கு இரும்பு? காலில விழுந்தால் ஆர் பார்க்கிறது?" என்று தாய் கேட்கிறார். "எவ்வளவு காசு?" என்று தந்தை கேட்கிறார். பிள்ளை கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதுதான் மலிவு" என்கிறான். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று பேருக்கும் அந்த இரும்பு ஏன் உண்டானது என்று தெரியாது. அதைத்தான் இந்த மாத உரையில் சொல்லப் போகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஸ்குவாற் என்றால் வேறொன்றுமில்லை, குந்தி எழும்புவது. இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகள் போட்ட ஒரு தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழும்புவார்கள். அந்தத் தண்டைப் பாரத்தண்டு என்று சொல்வோம். அதைத் தோள் உயரத்தில் ஏந்தி வைத்திருக்கும் இரும்புத் தாங்கிதான் றாக். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய தாங்கி என்றால், உயரமான அண்ணனும் கட்டையான தங்கையும் ஒன்றையே பாவிக்கலாம்.

இந்தத் தாங்கி பாரத்தைக் கூட்டுவதற்காக வந்த பொருள் அல்ல. உதவிக்கு ஆள் இல்லாமல் தனியே பயிற்சி செய்பவனுக்குக் கை கொடுப்பதற்காக வந்த பொருள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது விளங்கிவிடும்.

எங்களுக்குப் பழக்கமான குந்தல்

குந்துவது எங்களுக்குப் புதிய விடயம் அல்ல. வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் புல்லுப் பிடுங்கியவர்கள் மணித்தியாலக் கணக்கில் குந்தியிருந்தார்கள். அடுப்படியிலும் கிணற்றடியிலும் மலசலகூடத்திலும் குந்தினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தோப்புக்கரணம் போட வைத்தார். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னால் குந்தி எழும்புவதும் அதுதான். இங்கே லாச்சப்பலில் 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்திலும் வயது போனவர்கள் தோப்புக்கரணம் போடுவதைக் காணலாம். ஊரில் எழுபது வயதிலும் கை ஊன்றாமல் நிலத்தில் இருந்து எழும்பிய ஆச்சிமாருக்கு யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

வட இந்திய மல்யுத்தக் கூடங்களில் இதையே "பைட்டக்" என்று முறையான பயிற்சியாக வைத்திருந்தார்கள். தமிழில் நாங்கள் தண்டால், பஸ்கி என்று சேர்த்துச் சொல்வதில் பஸ்கி என்பது இந்தக் குந்தி எழும்பல். 1910இல் லண்டனுக்குப் போய்ப் பெயர் வாங்கிய மல்லர் காமா, கழுத்தில் மாட்டிக்கொண்டு குந்தி எழும்பிய வளையம் ஒன்று பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நிறை 95 கிலோ. தமிழ்நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில் இளவட்டக்கல் என்ற உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேலே போடுவது இளைஞனின் பலத்துக்கு அடையாளமாக இருந்தது. அந்தக் கல்லைத் தூக்குபவனும் முதலில் குந்தித்தான் அதைக் கட்டிப் பிடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கழுத்து வளையத்தைத் தவிர மற்றவற்றில் சொந்த உடம்பே பாரம், அல்லது நிலத்தில் கிடந்து தூக்கப்படும் கல்லே பாரம். கால் தளர்ந்தால் கல்லைக் கீழே போடலாம். பாரம் தோளின் மேல் ஏறி முதுகுக்குப் பின்னால் நிற்கும்போதுதான் புதிய ஆபத்து ஒன்று வருகிறது. அந்த ஆபத்தின் கதை ஐரோப்பாவில், அதுவும் பெரும்பகுதி நாங்கள் வாழும் இந்த நாட்டில் தொடங்குகிறது.

பாரிஸ் நகரின் பலசாலிகள்

1840களின் பிற்பகுதியில் இப்போலித் ட்ரியா என்பவர் பாரிஸ் மொந்தேஞ் அவெனியூவில் ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். இரு முனையிலும் உருண்டைகள் கொண்ட இரும்புத் தண்டுகளை வரிசையாக நின்று பலர் தூக்கிப் பழகிய முதல் கூடங்களில் அது ஒன்று. பணக்காரர்களின் இடம் அது. பலம் என்பது கூலிக்காரனுக்கும் சந்தையில் வித்தை காட்டுபவனுக்கும் மட்டும் உரியது அல்ல என்ற எண்ணத்தை அது பரப்பியது.

அடுத்தவர் எட்மொன் தெபோனே. 1885இல் லில் நகரில் தன் முதலாவது பயிற்சிக் கூடத்தைத் திறந்தார். பிறகு பாரிசுக்கு வந்து போபூர் புவாசோனியேர் தெருவில் கூடம் நடத்தினார். லாச்சப்பல் மெற்றோவில் இறங்கி பார்பேஸ் பக்கமாக நடந்தால் அந்தத் தெருவின் மேல்முனைக்கு வந்துவிடலாம். எங்கள் சனம் மரக்கறி வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பிரெஞ்சு உடற்பயிற்சி வரலாற்றின் முக்கியமான தெரு இருக்கிறது. 1904இல் உடற்பயிற்சிக்கென்றே ஒரு சஞ்சிகையையும், 1911இல் பலசாலிகளின் வரலாற்றைச் சொல்லும் பெரிய புத்தகம் ஒன்றையும் தெபோனே வெளியிட்டார். அக்கால வீரர்களைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பலவும் அவர் சேர்த்து வைத்த படங்களாலும் குறிப்புகளாலும் தெரிய வந்தவை.

அந்த வீரர்களில் ஒருவர் லூயி உனி. 1862இல் தெற்குப் பிரான்சில் பிறந்தவர். மேடையில் அவருடைய பெயர் அப்பொலோன். புகையிரத வண்டியின் இரண்டு சில்லுகளை அவற்றின் அச்சோடு அப்படியே தூக்கிக் காட்டுவார். அதன் நிறை 166 கிலோ. அச்சின் தடிப்பு 49 மில்லிமீற்றர், அதாவது சாதாரண கையால் முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாது. "அப்பொலோனின் சில்லுகள்" என்று அது இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. 1930இல் சார்ல் ரிகுலோ அதைத் தலைக்கு மேல் தூக்கினார். இந்த ரிகுலோதான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பளுதூக்கலில் தங்கப் பதக்கம் பெற்றவர். அன்று ஐந்து விதமான தூக்கல்கள் இருந்தன. ஐந்தையும் கூட்டி 502.5 கிலோ தூக்கினார்.

அந்த ஐந்தில் குந்தி எழும்புதல் இல்லை. இன்றும் ஒலிம்பிக்கில் அது தனிப் போட்டி அல்ல. ஆனால் ஒலிம்பிக்குக்குப் போகும் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்றார். தலைக்கு மேலே தூக்குவதற்கான பலம் காலில் இருந்துதான் வருகிறது என்பது இன்று அவரைப் போன்ற வீரர்கள் எல்லோருக்கும் முதற் பாடம். அன்று அப்படி இல்லை. நூறு வருடங்களுக்கு முன்பு மேடை வீரர்களில் பலர் கையையும் தோளையும் நம்பினார்கள். காலுக்குச் செய்த குந்தலில் பாரம் குறைவு.

இந்த இடத்தில் எங்கள் மொழிக்குள் வந்த ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். யேர்மனியில் பிறந்து லண்டனில் புகழ் பெற்ற யூஜின் சாண்டோ, 1904–05 காலத்தில் இந்தியாவுக்கு வந்து காட்சிகள் நடத்தினார். அதன் பிறகு பலசாலி என்றால் "சாண்டோ" என்று பட்டம் கொடுக்கும் வழக்கம் தமிழில் வந்தது. படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் இருப்பது அதுதான். கையில்லாத பனியனுக்கு நாங்கள் சொல்லும் பெயரும் அதுதான்.

தோளில் பாரம் ஏறிய கதை

பாரமான தண்டைத் தோளில் வைத்து நன்றாகக் குந்தி எழும்பும் பழக்கத்தைப் பரப்பியவர் என்று வரலாற்றில் குறிக்கப்படுபவர் ஒரு குடிவரவாளர். அவர் ஹென்றி ஸ்டைன்போர்ன் என்ற யேர்மனியர். முதலாம் உலகப் போர் நடந்தபோது அவுஸ்திரேலியாவில் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். போர் முடிந்த பின் 1921இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவரிடம் தாங்கி இல்லை. இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தோளில் ஏற்றிவிட ஆட்களும் தேவைப்படவில்லை. பாரத்தண்டை நிலத்தில் ஒரு முனையில் நெட்டாக நிறுத்துவார். அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தண்டைத் தன் முதுகின் மேல் சாய்த்து, அப்படியே தோளில் வாங்கி எழும்புவார். முடிந்ததும் அதே மாதிரிப் பக்கவாட்டில் சாய்த்து நிலத்தில் இறக்குவார். இன்றும் அந்த முறைக்கு அவருடைய பெயர்தான். பார்க்க அழகான வித்தை, ஆனால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் முறிக்கக் கூடிய வித்தை. எல்லோரும் செய்யக் கூடியது அல்ல. மற்றவர்களுக்கு இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

1930களில் அமெரிக்க உடற்பயிற்சிச் சஞ்சிகைகள், பாரத்தோடு குந்தி எழும்பினால் முழு உடம்பும் பலக்கும் என்று எழுதத் தொடங்கின. படித்தவர்களில் பலர் தனியே, வீட்டு நிலவறையிலும் வண்டி நிறுத்தும் கொட்டகையிலும் பயிற்சி செய்தவர்கள். தூக்கிக் கொடுக்க ஆளில்லை. ஆகவே மரத்தாலும் இரும்புக் குழாயாலும் இரண்டு கம்பங்கள் செய்து, மேலே கவர் வைத்து, அதில் பாரத்தண்டை வைத்தார்கள். தாங்கியின் பிறப்பு இவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இரண்டு ஆட்களுக்குப் பதிலாக இரண்டு கம்பங்கள். பிரெஞ்சில் இன்றும் இப்படித் தனித்தனியாக நிற்கும் கம்பங்களைச் "சோந்தெல்" என்பார்கள், மெழுகுதிரி என்று அர்த்தம்.

ஆனால் பாரத்தை எடுத்துக் கொடுக்கும் வேலையை மட்டும்தான் கம்பங்கள் செய்தன. குந்திய பிறகு எழும்ப முடியாவிட்டால்? பக்கத்தில் நிற்கும் ஆள் கை கொடுப்பான். கம்பம் கை கொடுக்காது.

இதற்கு ஒரு விசித்திரமான பதிலைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த போல் அண்டர்சன். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். வசதி குறைந்த இடத்தில் இருந்து வந்தவர். சீமெந்து நிரப்பிய இரும்புப் பீப்பாய்களைப் பாரமாகப் பாவித்தார். நிலத்தில் ஒரு குழி வெட்டி அதற்குள் இறங்கி நின்றார். பாரம் குழியின் விளிம்பில் தங்கியிருக்கும். குழிக்குள் நின்று கொஞ்சத் தூரம் மட்டும் எழும்பிப் பழகுவார். சில நாட்கள் கழித்துக் குழிக்குள் கொஞ்சம் மண் போடுவார். நிலம் உயர உயர, அவர் குந்த வேண்டிய ஆழம் கூடும். முடியாமல் போனால் பாரம் விளிம்பில் தங்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. உயரத்தை மாற்றவும் முடிந்தது, விழும் பாரத்துக்குத் தடையும் இருந்தது. செலவு ஒரு மண்வெட்டி.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யோர்க் நகரத்துப் பொப் ஹொஃப்மன் என்ற பளுதூக்கல் வியாபாரி, நான்கு தூண்களிலும் வரிசையாகத் துளையிட்ட இரும்புக் கூடுகளைப் பெருமளவில் விற்கத் தொடங்கினார். துளைக்குள் குறுக்காக இரும்புக் கம்பியைச் செருகினால் தண்டு அதற்குக் கீழே போகாது. அண்டர்சனின் மண்குழி செய்த வேலையை அந்தத் துளையும் கம்பியும் செய்தன. பிரெஞ்சுக்காரர் இதை இன்று "காஜ்", அதாவது கூடு, என்பார்கள். 1972இல் சர்வதேச வலுத்தூக்கல் சம்மேளனம் உண்டானது; குந்தி எழும்புதல் அதன் போட்டித் தூக்கல்களில் ஒன்று.

பாரத்தண்டும் இதற்கிடையில் மாறியது. யேர்மனியின் பேர்க் என்பவர் செய்த, முனைகள் தனியே சுழலும் தண்டு 1928 ஆம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பாவிக்கப்பட்டது. இன்றைய ஒலிம்பிக் தண்டின் அளவு அதன் வழியில் வந்தது. ஆண்களுக்கு 20 கிலோ, 2.20 மீற்றர் நீளம். பெண்களுக்கு 15 கிலோ, 2.01 மீற்றர் நீளம், பிடி கொஞ்சம் மெல்லியது. பெண்களுக்கு ஒலிம்பிக் பளுதூக்கல் 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் தொடங்கியது. அந்த முதல் தடவையிலேயே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்றார். "இது பெடியளின்ர சாமான்" என்று சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சீமெந்து ரின்னில் இருந்து தொடர்மாடி வரை

ஊரில் வளர்ந்த எங்கள் தலைமுறையில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அண்டர்சனின் பீப்பாய் புதினமாக இருக்காது. பால்மா ரின்னிலும் பெயின்ற் வாளியிலும் சீமெந்து குழைத்து ஊற்றி, நடுவில் தண்ணீர்க் குழாயைச் செருகிக் காய விட்டவர்கள் எத்தனை பேர்! 1990களில் வடக்குக்குச் சீமெந்தும் இரும்பும் கொண்டுபோவதற்கு அரசாங்கம் தடை போட்டிருந்தது. வீடு திருத்தவே சீமெந்து இல்லாத காலத்தில், பழைய சீமெந்து ரின் ஒன்று வைத்திருந்தவன் பணக்காரன்.

பாரிசுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் பலருக்கு நின்றுவிட்டது. 1980களில் வந்தவர்களுக்கு அறை ஒன்றில் ஆறேழு பேர் படுக்கை. பகலில் குசினி வேலை, கழுவல் வேலை. பாரம் தூக்குவது அங்கேயே போதுமான அளவு நடந்தது. நாள் முழுக்க நின்ற கால், குனிந்த முதுகு, வீட்டுக்கு வந்தால் கதிரை. நிலத்தில் குந்துகிற தேவை வாழ்க்கையில் இருந்தே போய்விட்டது. இன்று அறுபது வயதாகும் பலர் நிலத்தில் இருந்து எழும்ப ஒரு கையை ஊன்றுகிறார்கள். தாய்தகப்பன் ஊரில் எண்ணாமல் செய்ததை ஒரே தலைமுறையில் இழந்திருக்கிறோம். பிள்ளைகள் அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கப் பார்க்கிறார்கள். சிரிக்கத் தேவையில்லை, நல்ல விடயம்தான்.

வீட்டுக்குள் இரும்பு வந்ததற்கு ஒரு காலமும் உண்டு. 2020 மார்ச் 17இல் பிரான்சில் ஊரடங்கு தொடங்கியது. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன. இடையில் திறந்து, மீண்டும் மூடி, 2021 ஜூன் 9இல்தான் ஒழுங்காகத் திறந்தன. அந்தக் காலத்தில் தட்டுகளுக்கும் தாங்கிகளுக்கும் பெரிய தட்டுப்பாடு. பிறகு கூடங்கள் திறக்க, வாங்கியதில் ஒரு பகுதி பழைய சாமான் விற்பனைக்கு வந்தது. இன்று 'லூ பொன் குவான்' இணையத்தளத்தில் பாவித்த தாங்கி தேடினால் கிடைப்பது சுலபம். புதிதாக வாங்குபவர்கள் பலர் போவது டெக்கத்லோனுக்கு. அந்த நிறுவனம் 1976இல் தொடங்கியதும் லில் நகரத்துக்குப் பக்கத்தில்தான், தெபோனே 1885இல் தன் கூடத்தைத் திறந்த அதே லில்.

எதை வாங்குவது?

இப்போது காசு விடயத்துக்கு வருவோம். கடையில் மூன்று விதம் இருக்கிறது.

முதலாவது, தனித்தனியாக நிற்கும் இரண்டு கம்பங்கள். இதுதான் ஆகக் குறைந்த விலை. இடமும் குறைவு, மடித்து மூலையில் வைக்கலாம். ஆனால் பல மாதிரிகளில் விழும் பாரத்தைப் பிடிக்கும் கைகள் இல்லை. வரலாற்றில் இது 1930களின் பொருள். தனியே பயிற்சி செய்யும் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, அடியில் ஒன்றாக இணைக்கப்பட்ட இரண்டு தூண்கள், முன்னால் நீட்டி நிற்கும் இரண்டு பாதுகாப்புக் கைகளுடன். கைகளின் உயரத்தையும் கொக்கிகளின் உயரத்தையும் தனித்தனியே மாற்றலாம். தொடர்மாடி வீட்டுக்கும் சாதாரணக் குடும்பத்தின் பணப்பைக்கும் பொருத்தமானது இதுதான்.

மூன்றாவது, நான்கு தூண் கொண்ட கூடு. ஆகப் பாதுகாப்பானது. விலையும் இடமும் கூட. புறநகரில் தனி வீடும் கராஜும் உள்ளவர்களுக்குச் சரி.

இனி, பார்க்க வேண்டிய விடயங்கள்.

தண்டும் தாங்கியும் பொருந்த வேண்டும். ஒலிம்பிக் தண்டில் இரு பக்கத் தட்டுகளுக்கும் இடையே 1.31 மீற்றர் இடைவெளி உண்டு. தாங்கியின் வெளி அகலம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கு விற்கும் கட்டையான தண்டுகள் பல தாங்கிகளில் கிடக்காது. தட்டுகளின் துளையும் இரண்டு விதம். பிரான்சில் வீட்டுக்கு விற்பவை பெரும்பாலும் 28 மில்லிமீற்றர், ஒலிம்பிக் தட்டுகள் 50 மில்லிமீற்றர். பழைய சாமான் வாங்கும்போது இதைக் கேட்காமல் தட்டை வாங்கினால் தட்டு ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம் கிடக்கும்.

எழுதியிருக்கும் பாரத்தைக் கவனியுங்கள். கொக்கி தாங்கும் அளவு வேறு, பாதுகாப்புக் கை தாங்கும் அளவு வேறு. பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது முதலாவதாக இருக்கலாம். விற்பவரிடம் இரண்டாவதைக் கேளுங்கள். மெதுவாக வைத்த பாரத்தைவிட விழும் பாரம் பல மடங்கு அடிக்கும். பிள்ளை இன்று தூக்குவதைப் போல இரண்டு மடங்காவது தாங்கக் கூடியதை எடுங்கள். ஐரோப்பிய நியமமான இ.என். 957, இப்போது இ.என். ஐ.எஸ்.ஓ. 20957, இந்தச் சாமான்களுக்கு உரியது. அதில் 'எச்' என்ற எழுத்து வீட்டுப் பாவனையைக் குறிக்கும்.

உயரத்தைச் சரியாக வையுங்கள். கொக்கியில் கிடக்கும் தண்டு தோளைவிடக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். குதிக்காலைத் தூக்கித் தண்டை எடுப்பதும் வைப்பதும் விபத்துக்கு வழி. பாதுகாப்புக் கை, முழுதாகக் குந்தியபோது தண்டு நிற்கும் இடத்துக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்க வேண்டும். துளைகளுக்கு இடையே தூரம் குறைவாக இருந்தால்தான் இதைச் சரியாக வைக்க முடியும். மலிவான தாங்கிகளில் துளைகள் தூரத் தூர இருக்கும்.

பாவித்ததை வாங்கினால் ஒட்டுகளைப் பாருங்கள். இரும்பு ஒட்டிய இடத்தில் வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். மேலே உள்ள துருவைத் தேய்த்துப் பூசலாம், குழாயின் உள்ளே உள்ள துருவைப் பார்க்க முடியாது. பூட்டுக் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். தொலைந்த கம்பிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த ஆணியைச் செருகிப் பாவிக்கக் கூடாது. தாங்கியை நிறுத்தி இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள்.

வீட்டையும் பாருங்கள். இங்கே குடியிருப்பு வீட்டின் தளம் ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோ என்ற கணக்கில் அமைக்கப்படுகிறது. 80 கிலோ ஆள், 100 கிலோ பாரம், 40 கிலோ தாங்கி என்றால் 220 கிலோ. அது 1.2 மீற்றருக்கு 1.2 மீற்றர் இடத்தில் நின்றால் ஒரு சதுர மீற்றருக்கு 153 கிலோ. இந்த அளவு பரவலாக முழு அறைக்கும் உரியது, உடனே தளம் உடைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் புத்தக அலுமாரியும் பெரிய குளிர்சாதனப் பெட்டியும் இருக்கக் கூடாது என்பதும், சுவரோரம் வைப்பது நடு அறையைவிட நல்லது என்பதும் விளங்கும். லாச்சப்பலில் இருப்பது போன்ற பழைய கட்டடங்களில் மரத்தளம் இருந்தால், கட்டட நிர்வாகத்தைக் கேட்காமல் பெரிய பாரம் வைக்க வேண்டாம். கூரையையும் அளவெடுங்கள். வாடகை வீட்டின் கூரைக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகச் சொல்லும் குறைந்த உயரம் 2.20 மீற்றர்தான். சில கூடுகள் அதைவிட உயரம்.

கீழ் வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டும். மரப்பலகை, அதன் மேல் தடித்த இறப்பர் விரிப்பு, இரண்டும் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை சத்தம் போட்டால் தண்டம் வரலாம். பகலிலும் அளவுக்கு மீறிய சத்தத்துக்குத் தண்டம் உண்டு. குசினி வேலை முடிந்து நடுச்சாமத்தில் வந்து பயிற்சி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காசு போதாவிட்டால் எதைக் குறைக்கலாம்? நிறத்தைக் குறைக்கலாம், நிறுவனப் பெயரைக் குறைக்கலாம், தாங்கியோடு சேர்த்து விற்கும் கயிறு, கப்பி, தொங்கும் கம்பி எல்லாவற்றையும் விடலாம். தட்டுகளைப் பாவித்ததாக வாங்கலாம், இரும்புத் தட்டு தேய்ந்தாலும் நிறை பெரிதாக மாறாது. பாதுகாப்புக் கைகளை மட்டும் விடக் கூடாது. அதற்கே காசு போதாவிட்டால், கொஞ்ச மாதம் பொறுத்துச் சேர்க்கட்டும். அதுவரை தோப்புக்கரணம் இருக்கிறது, இலவசம். நெஞ்சோடு ஒரு பாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குந்தினால் அதுவும் நல்ல பயிற்சி. முடியாவிட்டால் முன்னால் போட்டுவிடலாம்.

வாங்கிய பிறகு முதல் நாள் தட்டு எதுவும் போடாமல் வெறும் தண்டோடு குந்தி, வேண்டுமென்றே எழும்பாமல் விட்டு, தண்டைப் பாதுகாப்புக் கையில் இறக்கிப் பழகச் சொல்லுங்கள். அதைத் தாயும் தந்தையும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தாயின் பயத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. தண்டு கையில் தங்கி, பிள்ளை கீழே இருந்து வெளியே வருவதைக் கண்ணால் கண்டால், "ஆர் பார்க்கிறது?" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தந்தைமாருக்கும் ஒரு வார்த்தை. முதுகு, முழங்கால் நோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தண்டைத் தொட வேண்டும். ஆனால் ஒரு கதிரையின் நுனியில் இருந்து, கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பதற்கு எந்தத் தாங்கியும் தேவையில்லை. மகனோ மகளோ அறைக்குள் பயிற்சி செய்யும் நேரத்தில் நீங்களும் வெளியே அதைச் செய்யலாம்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.